வீட்டில் நபே: எட்டுப் பேர், சைவமும் அசைவமும், எப்படிச் சமாளிப்பது?

#1 எதோகவாக்கரை

எல்லோருக்கும் வணக்கம். நிஷிகசாயில் இது எங்களுக்கு மூன்றாவது குளிர்காலம். எதிர்வீட்டில் எழுபதைத் தாண்டிய ஜப்பானியத் தம்பதி இருக்கிறார்கள். போன மாதம் எங்களைக் கூப்பிட்டு மிஸுதாகி, அதாவது கோழி நபே, செய்து போட்டார்கள். நபே என்றால் மேசையிலேயே கொதிக்க வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பானைச் சாப்பாடு. மேசை நடுவில் அடுப்பு, அடுப்பில் மண்பானை, பானையில் எலும்போடு கோழி. மூடியைத் திறந்ததும் அடித்த ஆவியில் பாட்டியின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அதைத் துடைக்காமலேயே என் மகளுக்கு முதல் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தார். இரண்டு வருடமாக லிஃப்டில் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அன்று இரண்டு மணி நேரத்தில் பேசிய அளவு வராது.

இப்போது எங்கள் முறை. வருகிற சனிக்கிழமை அவர்களை அழைத்திருக்கிறேன். என் தோழி, அவள் கணவர், கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அவளுடைய அம்மா மூவரும் வருகிறார்கள். நாங்கள் மூன்று பேர். ஆக எட்டு. தோழியும் அம்மாவும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. தோழியின் கணவர் கோழி மட்டும் சாப்பிடுவார். மாடு, பன்றி எங்கள் வீட்டிலும் இல்லை.

கையில் இருப்பது 9 கோ (கோ என்பது பானை அளவு எண்) டோனபே, அதாவது நபேக்கான மண்பானை, ஒன்று, எரிவாயுப் புட்டி மாட்டும் கேசட் அடுப்பு ஒன்று. டோனபே புதிது, இன்னும் தீயில் ஏற்றவில்லை.

நல்லபடியாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. சைவத்துக்குச் சாறு எதில் எடுப்பது? எதை எப்போது பானையில் போடுவது? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 நகோயா மண்சட்டி

சாறு பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் பானையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சனிக்கிழமைக்குள் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

புது டோனபேயை அப்படியே அடுப்பில் ஏற்றாதீர்கள். முதலில் பழக்க வேண்டும். ஊரில் புது மண்சட்டி வாங்கினால் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி, கஞ்சி காய்ச்சிப் பழக்குவோமே, அதே வேலைதான். இங்கே மெதோமே என்கிறார்கள். பானையில் முக்கால் அளவு தண்ணீர், அதில் இரண்டு கை சோறு. சிறு தீயில் கஞ்சியாகும் வரை ஒரு மணி நேரம். பிறகு அணைத்துவிட்டு அப்படியே ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது கொட்டக் கூடாது. கஞ்சியின் மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் பானை கசியாது, வாசனையையும் அவ்வளவாக உறிஞ்சாது. இந்தப் பயிற்சி நம் பாட்டிமாருக்கும் இவர்களுக்கும் தனித்தனியே எப்படி வந்ததோ, எனக்கு இன்னும் வியப்புதான்.

இரண்டாவது, பானையின் அடிப்பக்கம். கவிழ்த்துப் பாருங்கள், அங்கே மெருகு இருக்காது, வெறும் மண்ணாகச் சொரசொரவென்று இருக்கும். கழுவினால் அந்த இடம் தண்ணீர் குடிக்கும். ஈரத்தோடு தீயில் வைத்தால் விரிசல் விடும். என் முதல் பானை அப்படித்தான் போனது. கழுவித் துடைத்த பத்தாவது நிமிடம் அடுப்பில் ஏற்றினேன். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அடியிலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு கோடு. மூன்று வருடம் ஆகியும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. பழக்கிய பானையைக் கவிழ்த்து, காற்றுப் போக ஒரு பக்கம் கட்டை கொடுத்து, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

அப்புறம், வெறும் பானையைச் சூடாக்காதீர்கள். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

உங்களுடையது எந்த ஊர்ப் பானை? இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் யொக்காய்ச்சி. ஜப்பானில் செய்யும் டோனபேயில் பெரும்பகுதி அங்கே செய்யும் பாங்கோ வகைதான். மண்ணோடு பெடலைட் என்ற கனிமத்தைக் கலப்பதால் சூட்டில் அதிகம் விரியாது. அதே மியே மாகாணத்தில் இகா என்று ஒரு ஊர். பீவா ஏரி பல லட்சம் வருடங்களுக்கு முன் அங்கே இருந்தது, அதன் அடிமண்ணை எடுத்துச் செய்கிறார்கள். அந்த மண்ணில் புதைந்த செடிகொடிகள் சூளையில் எரிந்துபோய், பானை முழுக்கச் சின்னச் சின்னத் துளை விழும். அதனால் சூடேற நேரமாகும், ஏறிய சூடு இறங்கவும் நேரமாகும். இகா பானை என்றால் பழக்காமல் தொடவே தொடாதீர்கள்.

எட்டுப் பேருக்கு ஒரு 9 கோ போதாது. அது நான்கைந்து பேருக்கான அளவு. எப்படியும் இரண்டு பானை வேண்டும்.

#3 ஒசாகா மரக்கறி

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், ஒசாகாவில் பதினொரு வருடம். வீட்டில் எல்லோரும் மரக்கறிதான், அதனால் சைவ நபே எங்களுக்கு வாரச் சாப்பாடு.

இரண்டு பானை என்று நகோயாத் தம்பி சொன்னது சரி. ஒன்றைத் தடுப்பு வைத்துப் பிரித்த பானையாக வாங்கலாமா என்று யோசிக்காதீர்கள். கொதிக்கும்போது இந்தப் பக்கத்துச் சாறு அந்தப் பக்கம் தெறிக்கும். அம்மா மனம் நிறைந்து சாப்பிட வேண்டுமென்றால் தனிப் பானை, தனி அகப்பை.

சாறுக்கு இரண்டே பொருள். கொம்பு, காய்ந்த ஷீதாகே காளான். (கொம்பு என்றால் இங்கே கடலில் விளையும் தடித்த பாசி. நம் ஊர்க் கொம்பு இல்லை.) ஒரு லீட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு, நான்கைந்து காளான். வெள்ளிக்கிழமை இரவே குளிர்சாதனப் பெட்டியில் ஊறப் போடுங்கள். அவசரத்துக்குச் சுடுதண்ணீரில் ஊற வைத்தால் காளான் சாறு இவ்வளவு நன்றாக வராது. கொம்பின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது பூஞ்சணம் இல்லை, அதையும் கழுவிவிடாதீர்கள். ஈரத்துணியால் மணலை மட்டும் ஒற்றி எடுங்கள்.

மறுநாள் சிறு தீயில் ஏற்றி, பானையின் ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வரும்போது கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் வழுவழுப்பும் பாசி வாடையும் இறங்கும். எடுத்த கொம்பை எறிய வேண்டாம், மெல்லிதாய் நறுக்கி சோயாவில் வதக்கினால் அடுத்த நாள் சோற்றுக்கு ஆகும்.

இது வெறும் சைவ ஈடு என்று நினைக்காதீர்கள். உமாமி என்ற சுவையை 1908ல் இகேதா கிகுனாயே கண்டுபிடித்ததே இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான். அதில் இருப்பது குளுட்டமேட். காய்ந்த ஷீதாகேயில் குவானிலேட். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் சுவை கூட்டுத்தொகையை விடப் பல மடங்கு ஏறும். கோயில் துறவிகளின் சமையலில் இந்தச் சோடி வெகு காலமாக உண்டு. அவர்களுக்கும் மீன் கூடாதுதானே.

இனிக் கவனம். கடையில் விற்கும் நபே சூப் பொதிகளில் பெரும்பாலானவற்றில் கட்சுவோ மீன், கோழி, பன்றி இவற்றில் ஒன்றின் சாறு இருக்கும். சோயாப்பால் நபே என்று படம் போட்டிருப்பதிலும் இருக்கும். பின்பக்கம் 'எகிசு' (சாறு) என்று எங்கே வருகிறதோ அதற்கு முன்னால் உள்ள சொல்லைப் படியுங்கள். பொன்ஸு என்ற புளிப்புச் சோயாச் சாற்றிலும் பல வகைகளில் கட்சுவோ உண்டு. இளஞ்சிவப்பு ஓரம் வைத்த வெள்ளைத் துண்டு கமபோகோ, நடுவில் துளை உள்ளது சிகுவா, மெத்தென்ற வெள்ளைச் சதுரம் ஹன்பென். மூன்றும் மீன். கன்மோதோகி டோஃபு (சோயாப்பால் கட்டி) வகைதான், ஆனால் சில தயாரிப்புகளில் முட்டை சேர்ப்பார்கள். கிம்சி என்ற கொரிய ஊறுகாயில் உப்பிட்ட இறால் இருக்கலாம்.

நான் போடுவது: கெட்டி டோஃபு, பொரித்த டோஃபு, ஹகுசாய் (சீனக் கோவா), நெகி (நீள வெங்காயத்தாள்), ஷுன்கிகு (சாமந்திக் கீரை), மூன்று வகைக் காளான், கரட், முள்ளங்கி, கொன்யாகு நூல் (கிழங்கு மாவு நூடுல்ஸ்). பொரித்த டோஃபுவை முதலில் சுடுதண்ணீரில் முக்கி எண்ணெயைக் கழுவிவிடுங்கள்.

#4 பெரம்பூர் மிளகு

கவாசாகியிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் சொல்வது நல்ல விஷயம்தான். ஆனால் நம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நம் கைமணம் வேண்டாமா? நான் நபே செய்தால் சாற்றிலேயே இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு, மிளகு சீரகம் பொடித்துப் போட்டு, கொஞ்சம் புளியும் கரைத்துவிடுவேன். அலுவலக நண்பர்கள் வியர்வை சொட்டச் சொட்டச் சாப்பிட்டார்கள். அந்தத் தாத்தா பாட்டி கொம்புச் சாறு தினமும் குடிப்பவர்கள். அவர்களுக்கு அதையே திருப்பிக் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

#5 ஹகாதாவாசி

மிளகு அண்ணா, உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மறுக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது ஃபுகுவோகாவின் ஹகாதாவில், மிஸுதாகியின் சொந்த ஊர். இங்கே மிஸுதாகிக் கடையில் முதலில் காய் வராது, கறி வராது. சின்னக் கோப்பையில் வெறும் சாறு வரும். ஒரு சிட்டிகை உப்பு, நறுக்கிய நெகி. அதைக் குடித்து முடித்த பிறகுதான் கோழியே கிண்ணத்துக்கு வரும். கோழியைத் தவிர வேறு எதுவும் கலக்காத சாறு அது. பிறகு ஹகுசாய் விழுகிறது, அதன் இனிப்பு இறங்குகிறது. காளான் விழுகிறது, மணம் மாறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சாறு வேறு சாறாகிக்கொண்டே போகும். கடைசியில் சோறு போடும்போதுதான் அது முழு நிறைவுக்கு வரும். முதலிலேயே மிளகு சீரகம் புளி போட்டால் அது நல்ல ரசமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒரே மாதிரி இருக்கும்.

இன்னொன்று நடைமுறைக் காரணம். இரண்டு மணி நேரம் கொதிக்கிற பானை இது. தண்ணீர் வற்ற வற்ற உப்பும் புளிப்பும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் மிஸுதாகியில் சாற்றை வெறுமையாக வைத்துவிட்டு, உப்பும் புளிப்பும் காரமும் அவரவர் கிண்ணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் காரம் கேட்கும் நீங்களும் ஒரே பானையில் சாப்பிட முடிவது இந்த ஏற்பாட்டால்தான். நபேயில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எல்லா நபேயும் இப்படி இல்லை. ஹொக்காய்டோவின் இஷிகாரி நபேயில் சால்மன் மீனோடு மிசோ என்ற சோயா விழுதைச் சாற்றிலேயே கரைப்பார்கள். ஹிரோஷிமாவில் சிப்பி நபேக்குப் பானையின் உள்விளிம்பில் மிசோவை வரப்பு மாதிரி அப்பி, வேண்டிய அளவு சரித்துக்கொள்வார்கள். ஆனால் எட்டு வகை நாக்கு ஒரு மேசையில் என்றால் மிஸுதாகி வழிதான் பாதுகாப்பு.

காரத்துக்குக் குறையே வராது. எங்கள் கியூஷு தீவின் யுஸு கொஷோ இருக்கிறது: பச்சை மிளகாய், பச்சை யுஸு (எலுமிச்சை மாதிரி ஒரு பழம்) தோல், உப்பு மூன்றையும் அரைத்த விழுது. நார்த்தங்காய் ஊறுகாய் தெரிந்த நாக்குக்கு முதல் தொடுதலிலேயே பிடித்துவிடும். முள்ளங்கியில் துளை போட்டு, காய்ந்த மிளகாயைச் செருகித் துருவினால் மொமிஜி ஒரோஷி. பொன்ஸு பற்றி ஒரு விஷயம்: மிட்ஸ்கான் நிறுவனத்தின் தலைவர் 1960ல் ஹகாதாவில் மிஸுதாகி சாப்பிட்டபோது, கூட வந்த பொன்ஸு பிடித்துப்போய், அதை வீடுகளுக்குக் கொண்டுபோக நினைத்தார். 1964ல் வந்தது அஜிபொன். இன்று ஜப்பானியர் வீட்டில் பெரும்பாலும் இருக்கும் அந்தப் புட்டியின் பிறப்பே ஒரு நபேதான்.

கோழிப் பானைக்கு: எலும்போடு வெட்டிய தொடைக்கறி 800 கிராம், ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர், ஒரு துண்டு கொம்பு. கறியைக் கொதிநீரில் ஒரு முறை புரட்டிக் கழுவிவிட்டுப் போடுங்கள். மேலே வரும் நுரையை, அதாவது அகுவை, முதல் பத்து நிமிடம் விடாமல் எடுங்கள். பிறகு சிம்மில் ஒரு மணி நேரம். இதை வேறு பாத்திரத்தில் முன்கூட்டியே செய்துவைத்து, விருந்தினர் வந்ததும் டோனபேக்கு மாற்றுவது எளிது. மேசையில் பச்சைக் கோழியே இருக்காது என்பதால் கைக்குழப்பமும் இல்லை.

#6 பெரம்பூர் மிளகு

உப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதை யோசிக்கவில்லை. என் நபே கடைசியில் ஒவ்வொரு தடவையும் கரித்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சமாளித்தேன். சரி, சாற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் மிளகும் கறிவேப்பிலையும் வறுத்துப் பொடித்த பொடி ஒரு கிண்ணம் மேசையில் இருக்கட்டும் என்பேன். எதோகவாக்கரை, அதை மட்டும் செய்யுங்கள்.

#7 எதோகவாக்கரை

எல்லோருக்கும் நன்றி. பானை பாங்கோதான், அடியில் முத்திரை இருக்கிறது. நேற்று இரவு பழக்கிவிட்டேன், இப்போது பால்கனியில் கவிழ்ந்திருக்கிறது. இரண்டாவது பானையும் அடுப்பும் தோழி கொண்டுவருகிறாள்.

கேட்கத் தயங்கிய ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். தோழியின் அம்மாவுக்கு எச்சில் பார்க்கும் பழக்கம் உண்டு. பிடிவாதமாக இல்லை, ஆனால் அறுபது வருடப் பழக்கம். எல்லோரும் ஒரே பானையில் கை நீட்டி எடுப்பதைப் பார்த்தால் சாப்பிட மாட்டாரோ என்று பயமாக இருக்கிறது. தனியாகத் தட்டில் வைத்துக் கொடுத்தால் அவரை ஒதுக்கியது மாதிரி ஆகிவிடும். என்ன செய்யலாம்?

#8 செந்தாய் பெரியவர்

இந்தக் கேள்விக்காகவே பல மாதம் கழித்து உள்ளே வருகிறேன் அம்மா. தயங்க வேண்டியதே இல்லை, இந்தக் கூச்சம் ஜப்பானியர்களுக்கும் உண்டு.

அவரவர் சாப்பிடும் குச்சியால் பொதுப் பாத்திரத்திலிருந்து நேராக எடுப்பதை ஜிகாபாஷி என்பார்கள். குடும்பத்துக்குள் பரவாயில்லை, வெளியாரோடு அது மரியாதைக் குறைவு. அதற்கென்று பொதுக்குச்சி வைப்பார்கள், தொரிபாஷி என்று பெயர். சிலர் தங்கள் குச்சியையே திருப்பிப் பிடித்து மறுமுனையால் எடுப்பார்கள். அதையும் நல்ல பழக்கமாகக் கருதுவதில்லை, கை பட்ட முனை என்பதால். பார்த்தீர்களா, கணக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது!

ஒரே பானையைச் சுற்றி உட்காருவது இங்கே ஆதியிலிருந்து எல்லா வீட்டிலும் நடந்ததும் இல்லை. பழைய வீடுகளில் ஆளுக்கொரு சிறு பலகை, அதில் அவரவர் கிண்ணம், அவரவர் குச்சி. சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடும் ஹகோஸென் என்ற வகையும் உண்டு. நடுவில் கணப்பின் மேல் பானை தொங்கினாலும் ஒருவர்தான் பரிமாறுவார். எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் பழக்கம் மெய்ஜி காலத்துக்குப் (1868–1912) பிறகுதான் வீடு வீடாகப் பரவியது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு பானைக்கும் ஓர் அகப்பை, ஒரு வலைக்கரண்டி, ஒரு சோடி நீளக் குச்சி. அவரவர் குச்சி அவரவர் கிண்ணத்தோடு. கிண்ணம் தொன்சுயியாக இருந்தால் நல்லது, ஒரு பக்கம் காது மாதிரி பிடி இருக்கும், சூட்டில் கை சுடாது. சைவப் பானையின் பொறுப்பை அந்த அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். பரிமாறும் கை அவருடையது என்றால் எச்சில் என்ற பேச்சே வராது.

பானையை ஆளுகிறவருக்கு இங்கே ஒரு பட்டப்பெயரே உண்டு, நபே புக்யோ. புக்யோ என்றால் 'எதோ' என்ற பழைய ஆட்சிக் காலத்து அதிகாரி. எது எப்போது விழ வேண்டும், எது வெந்துவிட்டது, யார் எடுக்கலாம் என்றெல்லாம் அவர் சொல்வதுதான் சட்டம். நுரை எடுத்துக்கொண்டே இருப்பவருக்கு அகு தைகான். கொடுங்கோல் அதிகாரியைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலிப்பு என்பதால் வந்த சிலேடை. எதிர்வீட்டுத் தாத்தாவிடம் இந்தச் சொல்லை எடுத்துப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

எங்கள் செந்தாயில் இப்போது செரி பருவம். சாறில் பத்து விநாடி காட்டி, வேரோடு சாப்பிடும் கீரை. வேரின் மணம்தான் அதில் விசேஷம். டோக்கியோக் கடைகளில் வேரோடு கிடைத்தால் சைவப் பானைக்கு வாங்குங்கள்.

#9 மூன்று பிள்ளைகளின் அப்பா

சமையல் நன்றாகவே சொல்லிவிட்டீர்கள். நான் அடுப்பு பற்றி மட்டும்.

குளிர் என்று சன்னல்களை இறுக மூடிவிட்டு இரண்டு அடுப்பை இரண்டு மணி நேரம் எரிக்கப் போகிறீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் வரும். சமையலறை விசிறியை ஓட விட்டு, ஒரு சன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள். பானையோ தட்டோ எரிவாயுப் புட்டி இருக்கும் பக்கத்தை மூடும் அளவு பெரிதாக இருக்கக் கூடாது. புட்டி சூடேறி வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. இரண்டு அடுப்பையும் ஒட்டி வைக்காமல் மேசையின் இரு கோடிக்குத் தள்ளி வையுங்கள். 250 கிராம் புட்டி முழுத் தீயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும், அதனால் அடுப்புக்கு ஒன்று உபரி வேண்டும். பால்கனியில் வைத்திருந்த புட்டியை உடனே மாட்டினால் தீ சோம்பலாக எரியும். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் சரியாக ஆவியாகாது. ஒரு மணி நேரம் முன்பே அறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். சூடாக்கி எழுப்ப மட்டும் முயலாதீர்கள்.

மகளை அடுப்பின் கைப்பிடி இல்லாத பக்கம் உட்கார வையுங்கள். மேசைவிரிப்பு போடாதீர்கள். பிள்ளைகள் இழுக்கும்.

#10 ஹகாதாவாசி

எதை எப்போது என்று கேட்டிருந்தீர்கள், அதை நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ஹகுசாயின் வெள்ளைத் தண்டும் பச்சை இலையும் இரண்டு காய்கள் மாதிரி. தண்டைக் கத்தி சாய்த்து மெலிதாகச் சீவுங்கள், வெட்டுமுகம் அகலமானால் சாறு ஏறும். முள்ளங்கி, கரட், தண்டு மூன்றும் முதலில். அப்புறம் காளான், நெகி, டோஃபு. டோஃபு ரொம்ப நேரம் கொதித்தால் ஓட்டை ஓட்டையாகி இறுகிவிடும். இலைப்பகுதியும் ஷுன்கிகுவும் கடைசியில், வதங்கியதும் எடுத்துவிட வேண்டும். பானையை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். ஒரு சுற்று போட்டு, சாப்பிட்டு, காலியானதும் அடுத்த சுற்று. ஹகுசாய் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் சாறு முக்கால் பானைக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேருக்கு அரை ஹகுசாய் போதும்.

கடைசியில் ஷிமே, அதாவது மிஞ்சிய சாற்றில் செய்து முடிக்கும் சாப்பாடு. கோழிப் பானையில் ஸோசுயி (சோற்றுக் கஞ்சி) செய்யுங்கள். துண்டு துணுக்கை வலைக்கரண்டியால் அள்ளிவிட்டு, ஆறிய சோற்றைத் தண்ணீரில் அலசிப் போட வேண்டும். அலசாமல் போட்டால் பசை பிடிக்கும். கொதி வந்ததும் அடித்த முட்டையைச் சுற்றி ஊற்றி, அடுப்பை அணைத்து, மூடி, ஒரு நிமிடம். மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். சைவப் பானைக்கு முட்டை இல்லாத உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) பொருத்தம்.

#11 ஒசாகா மரக்கறி

உதோன் சரி, ஆனால் சைவப் பானையிலும் ஒரு முறை சோறு போட்டுப் பாருங்கள். முட்டைக்குப் பதில் துருவிய இஞ்சி. கும்பகோணத்து அம்மாவுக்கு அது பழகிய சாப்பாடாகத்தான் இருக்கும்.

#12 எதோகவாக்கரை

நேற்று முடிந்தது. பாத்திரம் கழுவிய கையோடு எழுதுகிறேன்.

மாலை ஐந்தரைக்கே தோழியும் அம்மாவும் வந்துவிட்டார்கள். அம்மா நேராகச் சமையலறைக்கு வந்து, கொம்பை எடுத்த பிறகிருந்த சாற்றை ஒரு கரண்டி வாங்கிக் குடித்தார். எதுவும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி கேட்டார். "பருப்பே போடாம பருப்புத் தண்ணி ருசி எப்படிடி வருது?" என்றார். குளுட்டமேட், குவானிலேட் என்றெல்லாம் ஒசாகா அக்கா சொன்னதை நான் சொன்னேன், அவர் காதில் வாங்காமல் மூன்றாவது கரண்டிக்குக் கை நீட்டினார்.

எதிர்வீட்டுப் பாட்டி பையில் ஒரு சின்னக் கத்தியோடு வந்தார். ஷீதாகே தொப்பிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கத்தியைச் சாய்த்து மூன்று கீற்று. வெள்ளையாக நட்சத்திரம் பூத்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டி கத்தியை அவர் கையில் கொடுத்தார். அம்மா வெட்டிய முதல் நட்சத்திரம் கொஞ்சம் கோணல், இரண்டாவது சரியாக வந்தது. ஒருவருக்குத் தமிழ் மட்டும், இன்னொருவருக்கு ஜப்பானிய மொழி மட்டும். பன்னிரண்டு காளானையும் பேசிக்கொண்டேதான் முடித்தார்கள்.

செந்தாய் ஐயா சொன்னபடி சைவப் பானையை அம்மாவிடம் கொடுத்தோம். கோழிப் பானையைத் தாத்தா எடுத்துக்கொண்டார். நபே புக்யோ என்றதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இரண்டு அகப்பையும் அவர்கள் இருவர் கையை விட்டு வேறு யாரிடமும் போகவில்லை. எச்சில் பற்றி நான் பட்ட கவலைக்கு இடமே வரவில்லை. நடுவில் தாத்தா தன் கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டி, சைவப் பானையிலிருந்து வேண்டும் என்று கேட்டார். அம்மா அகப்பை கிண்ணத்தில் படாமல் உயரத் தூக்கி ஊற்றினார். தாத்தா அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "என் அம்மாவும் இப்படித்தான் ஊற்றுவாள்" என்றாராம், என் கணவர் மொழிபெயர்த்தார்.

பொன்ஸு கடையில் வாங்கவில்லை. புட்டிக்குப் புட்டி பின்பக்கம் படித்தேன், எங்கள் கடையில் எடுத்தது எல்லாவற்றிலும் கட்சுவோ. கடைசியில் யுஸுவைப் பிழிந்து, சோயாவைச் சரிபாதி கலந்து, ஒரு துண்டு கொம்பு போட்டு ஒரு நாள் வைத்தேன். எல்லோரும் அதையேதான் ஊற்றிக்கொண்டார்கள். மிளகு அண்ணா, உங்கள் பொடி தாத்தாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மீதியைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

ஒரே ஒரு பிழை. ஷுன்கிகுவை நான் சீக்கிரம் போட்டுவிட்டேன், கசந்து போனது. மகள் அந்தக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

ஷிமேயில் இரண்டு பானையிலும் சோறு. சைவத்தில் இஞ்சி. அம்மா இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டு, பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து, பாட்டி கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு துண்டு வைத்தார். பத்தே கால் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

இப்போது புதுக் கேள்வி. அம்மாவுக்கு டோனபே ஒன்று ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமாம். நடக்கிற காரியமா?

#13 நகோயா மண்சட்டி

தாராளமாக. 8 கோ வாங்குங்கள், கனம் குறைவு. மூடியைத் தனியாகவும் பானையைத் தனியாகவும் துணியில் சுற்றி, பானைக்குள்ளும் துணி அடைத்து, கைப்பையாகவே எடுத்துப் போகச் சொல்லுங்கள், பெட்டியில் போட்டு ஏற்ற வேண்டாம். காய்ந்த கொம்பு ஒரு பொட்டலம் கூடவே போகட்டும், ஈரம் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். ஊரில் எரிவாயு அடுப்பில் வைக்கலாம், தீயை மட்டும் மெதுவாக ஏற்ற வேண்டும்.

இங்கே பழக்கிக் கொடுக்காதீர்கள். புதிதாகவே போகட்டும். கும்பகோணம் போய் அவர் கையால் கஞ்சி காய்ச்சிக்கொள்வார்.

#14 எதோகவாக்கரை

சொல்லிவிட்டேன். புழுங்கலரிசியா பச்சரிசியா என்று கேட்கச் சொல்கிறார்.

#15 நகோயா மண்சட்டி

பச்சரிசி. நன்றாகக் குழைய வேண்டும்.